பூட்டிய மைதானமும் திறந்த மணலும்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இளம் கால்பந்து வீரர்களை வளர்ப்பதில் கிராமம் சிறந்ததா, நகரம் சிறந்ததா என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பட்டிமன்றத்துக்கு வெகுவாகப் பொருந்தும் தலைப்பு இது. ஒரு கட்சியினர் கன்னியாகுமரிக் கடலோரத்தையும் கடலூரையும் எடுத்துக்கொள்ளலாம். மறு கட்சியினர் சென்னையின் அகாடமிகளையும் நேரு விளையாட்டரங்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நடுவர் தீர்ப்புச் சொல்ல, நாமும் கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். ஆனால் அந்தத் தீர்ப்பினால் எந்தப் பிள்ளைக்கும் விளையாட ஒரு நாழிகை கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. ஆகவே யார் பெரியவர் என்னும் வழக்கை ஒதுக்கிவிட்டு, எங்கே எது இருக்கிறது, எது இல்லை, இல்லாததை எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதையே இந்த மாலையில் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல ஆட்டக்காரன் உருவாவதற்கு அவனுடைய வாழ்க்கையில் இரண்டு பருவங்கள் அமைய வேண்டும். யாருடைய கட்டளையும் இல்லாமல், தன்னொத்த பிள்ளைகளோடு, பொழுது சாயும் வரை பந்தோடு பழகித் திரியும் பால்யம் முதலாவது. அந்தப் பழக்கத்தைத் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் கையிலெடுத்து, பிழை நீக்கி, ஒழுங்கு கற்பித்து, போட்டிகளில் இறக்கிப் பண்படுத்தும் பருவம் இரண்டாவது. நம் கிராமங்களில் முதலாவது தாராளமாக இருக்கிறது, இரண்டாவது அபூர்வம். நம் நகரத்தில் இரண்டாவது விலைக்குக் கிடைக்கிறது. முதலாவதை நாம் தொலைத்துவிட்டோம்.

இந்த உண்மையை மயிலாப்பூரில் அதிகம் விளக்க வேண்டிய அவசியமில்லை. இந்த மாட வீதிகளில் பிறந்து வளரும் குழந்தை, பாட்டு வாத்தியாரிடம் சரளி வரிசை தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, வீட்டிலும் கோயிலிலும் மார்கழிக் காலையிலும் கேட்டுக் கேட்டு, பெயர் தெரியாமலேயே ராகங்களின் சாயலை உள்வாங்கிக்கொண்டு விடுகிறது. அந்தக் கேள்வி ஞானம் வாய்க்காதவருக்கு எத்தனை வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தாலும் சங்கீதம் கணக்குச் சுத்தமாக நிற்குமே ஒழிய உயிர் பெறுவதில்லை. கேள்வி ஞானம் மட்டும் இருந்து பாடம் இல்லாதவரோ சபையில் அமர்ந்து ஒரு கச்சேரியை நிறைவு செய்ய இயலுவதில்லை. பந்தாட்டமும் அப்படித்தான். முன்னதும் பின்னதும் ஒருவரிடத்தில் கூடினால்தான் வித்தை பூரணமாகிறது.

கிராமத்திலிருந்து தொடங்குவோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி, நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று வரிசையாக மீனவ ஊர்கள் இருக்கின்றன. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் உழைப்பாளிகளின் ஊர்கள் அவை. அங்கே கால்பந்து ஒரு பொழுதுபோக்காக இல்லை. ஊரின் மானமாகவே இருக்கிறது. அப்பன் ஆடிய களத்தில் பிள்ளை ஆடுகிறான். அண்ணன் போட்டுக் கழித்த ஜெர்சி தம்பிக்கு வருகிறது. ஆட்டம் பார்க்க வரும் கிழவர்கள், பந்தை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதைப் பிசகாமல் சொல்வார்கள். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் ரெஜின், மைக்கேல் சூசைராஜ் என்னும் சகோதரர் இருவரும் இந்த வளர்ப்பிலிருந்து புறப்பட்டு, 2019-20-ல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி வரை உயர்ந்தார்கள். சிறிய மீனவ ஊர் ஒன்றின் ஒரே வீட்டிலிருந்து இருவர் தேசத்தின் முதல்தர அணிக்குப் போனதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியுமா?

அவ்வளவு தூரம் போகாமலே இதன் சாயலை நம் வாசலில் காணலாம். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பட்டினப்பாக்கம் இருக்கிறது. மாலை நாலரை மணிக்கு மேல் அங்கே போய், படகுகளுக்கும் காயும் வலைகளுக்கும் நடுவிலுள்ள மணலில் நடக்கும் ஆட்டத்தைச் சிறிது பொறுமையோடு நின்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் செருப்பைக் குவித்து வைத்து கோல் எல்லை வகுத்திருப்பார்கள், வெறுங்கால், வெயிலில் வெளுத்துப்போன பந்து. காய்ந்த மணலில் பந்து உருளாது, எழும்பாது. விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். ஆகையால் அங்கே ஆடும் பிள்ளை, கால்விரலைப் பந்துக்கு அடியில் நுழைத்து, அதை அள்ளித் தூக்கி, தொடையிலோ மார்பிலோ ஏந்தி, தரையில் விழுமுன் அடுத்தவனுக்கு அனுப்பக் கற்றுக்கொள்கிறான். ஓர் அடி வைத்தால் அரை அடி புதையும் மணலில் ஓடி ஓடி, கெண்டைக்காலும் தொடையும் தாமாகவே உரம் பெறுகின்றன. ஆறு வயதுச் சிறுவனும் பதினாறு வயது இளைஞனும் ஒரே ஆட்டத்தில் இருப்பதனால், சிறியவன் பலத்தால் வெல்ல முடியாது என்பதைச் சீக்கிரமே உணர்ந்து, ஏமாற்றித் திரும்பும் தந்திரத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறான். எந்தக் கோச்சும் அவனுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

ஆனால் அந்த மணலின் குறையையும் மறைக்கலாகாது. அதே பையனை பூட்ஸ் போட்டுப் புல்தரையில் இறக்கினால், தன்னை நோக்கி வரும் பாஸ் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வழுக்கிக்கொண்டு வந்து காலைக் கடந்து போய்விடுகிறது. பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும், எதிரி எந்தப் பக்கம் இடம் விட்டிருக்கிறான், எப்போது ஓடக்கூடாது என்பவையெல்லாம் அவனுக்குப் புதிய பாடங்கள். பன்னிரண்டு வயதில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் ஆறே மாதத்தில் பிடிபட்டிருக்கும். இருபது வயதில் செலக்ஷனுக்கு வந்து நிற்கும்போது, காலம் கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இனி நகரத்துப் பிள்ளையைப் பார்ப்போம். தியாகராய நகரிலோ அடையாற்றிலோ அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பெற்றோர் எந்தக் குறையும் வைப்பதில்லை. நல்ல பூட்ஸ், நல்ல ஆகாரம், முழங்கால் வலித்தால் உடனே காட்டுவதற்கு டாக்டர், மணிக்கணக்கில் வாடகை பேசும் டர்ஃபில் விளக்கொளியில் பயிற்சி, கோன் வைத்து முறையாக டிரிப்ளிங் சொல்லித்தரும் கோச், யாவும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு ஒரு மணி என்றால், மழையும் பரீட்சையும் ஊர்ப் பயணமும் போக வருஷத்துக்கு நூறு மணியைத் தாண்டுவது கடினம். மணலில் தினமும் இரண்டு மணி நேரம் ஆடும் பிள்ளைக்கோ, வருஷத்தில் அறுபத்தைந்து நாளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 600 மணி சேர்கிறது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை, நான்கு வருஷத்தில், ஒருவனுக்கு 400 மணி, மற்றவனுக்கு 2,400 மணி. இந்த இடைவெளியை எந்த விலையுயர்ந்த பூட்ஸும் நிரப்பாது. ஜெர்மனியின் முதல்தரத் தொழில்முறை வீரர்களின் இளமையை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றும் இதையே சொல்லுகிறது. தேசிய அணி வரை உயர்ந்தவர்கள், அமெச்சூர் நிலையோடு நின்றுவிட்டவர்களைக் காட்டிலும், சிறுவயதில் கோச் இல்லாத சுயேச்சையான ஆட்டத்தில் அதிகப் பொழுதைக் கழித்தவர்கள் என்று அது கண்டிருக்கிறது.

இங்கே ஒருவர் எழுந்து, "வியாசர்பாடி நகரம்தானே? அங்கிருந்து வீரர்கள் வரவில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வடசென்னையிலுள்ள அந்த நெருக்கமான குடியிருப்புகளின் நடுவிலிருந்துதான் சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் வந்தார். 2023 ஆகஸ்டில் டியூராண்ட் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்து வெற்றி தேடித்தந்த நந்தகுமார் சேகரும் அங்கிருந்தே வந்தார். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு திடல் திறந்திருக்கிறது. அத்திடலில் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துக் கவனிக்க அந்த ஊர்க்காரர்களே இரண்டு தலைமுறையாக நிற்கிறார்கள். பாரிஸ் நகரத்தைச் சுற்றியுள்ள எளிய குடியிருப்புகளிலிருந்தும் உலகத்தின் மிகச் சிறந்த வீரர்கள் இதே காரணத்தால் வருகிறார்கள். போண்டியில் வளர்ந்த எம்பாப்பேயை அறியாத பிள்ளை இங்கே இருக்க மாட்டான். ஆகவே கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள கோடு தேசப்படத்தில் இல்லை. அது கடலோரமாகச் செல்லும் சாந்தோம் நெடுஞ்சாலையின் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே ஓடுகிறது. திறந்த களம் உள்ள பிள்ளைக்கும் பூட்டிய களத்தின் முன்னே நிற்கும் பிள்ளைக்கும் நடுவே ஓடுகிறது.

கிராமத்துக்கு ஆசிரியர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலூர் ஒரு பிரத்தியட்ச சாட்சி. 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலையில் அடிபட்ட அந்தக் கரையோர மாவட்டத்தில், மாரியப்பன் என்னும் பயிற்சியாளர், பெண் குழந்தைகளைத் திரட்டி ஆட்டம் கற்பித்தார். இந்திரா காந்தி விளையாட்டு கல்வி அகாடமி அதிலிருந்து வளர்ந்தது. இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். முன்கள வீராங்கனை சந்தியா ரங்கநாதன் அதே மாவட்டத்துப் பண்ருட்டியைச் சேர்ந்தவர், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். 2018-ல் தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பல வருஷங்களாக அந்தப் பட்டத்தை ஆண்டு வந்த மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதல்முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்தது. 2023-ல் மீண்டும் வென்றது. இடையில், 2019-ல், மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீகில் பட்டம் பெற்றது. ஆண்களின் அணி மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபிக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் ஒரு மாநிலத்தில், பெண்கள் சாதித்ததன் ரகசியம் என்ன? ஒரு களம், அந்தக் களத்தை விட்டுப் போகாத ஓர் ஆசிரியர், பெற்றோர் பயமின்றி அனுப்பத்தக்க ஒரு விடுதி, விடாத பள்ளிப் படிப்பு, முடிவில் ஒரு கௌரவமான உத்தியோகம். இந்துமதி இன்று நம் காவல்துறையில் உதவி ஆய்வாளர். தம் பெண்ணைக் களத்துக்கு அனுப்பலாமா என்று தயங்கும் தாய்க்கு, எத்தனை சொற்பொழிவுகள் கேட்டாலும் வராத தைரியம், அந்தக் காக்கி உடையைப் பார்த்த மாத்திரத்தில் வரும்.

உத்தியோகம் என்று சொன்னேன். அதை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. திறமையுள்ள பிள்ளைகளை நாம் இழப்பது பெரும்பாலும் பதினைந்தாம் வயதில். மயிலாப்பூர்ப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பை முடித்தவுடன், பொதுத்தேர்வு வருகிறது என்று பந்து பரணில் ஏறுகிறது. காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன். அதே வயதில் மீனவப் பிள்ளை, அப்பனுக்குத் துணையாகப் படகில் ஏறுகிறான். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் ஒரே வயதில், ஒரே பயத்தினால், பிழைப்புக்கு என்ன வழி என்னும் ஒரே கேள்வியினால், இருவரும் ஆட்டத்தை விட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, காவல்துறை ஆகியவற்றின் அணிகள், வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்களுக்குச் சம்பளமும் சென்னை லீகில் ஓர் இடமும் தந்து, அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தன. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு இன்று 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. போற்ற வேண்டிய ஏற்பாடு. ஆனால் அது பட்டம் வென்ற பிறகு கிடைப்பது. பதினைந்திலிருந்து இருபத்தொன்று வரையுள்ள ஆறு வருஷத்தை ஓர் ஏழைப் பிள்ளை எப்படிக் கடப்பான் என்பதை யோசிக்கும் கடமை, வசதியுள்ள கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் உண்டு.

இவ்விடத்தில் ஒரு தவறான வழியைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். கிராமத்தில் திறமை இருக்கிறது, நகரத்தில் பயிற்சி இருக்கிறது, ஆகவே பத்து வயதிலேயே பிள்ளையைப் பெயர்த்துக்கொண்டு வந்து நகரத்து விடுதியில் வைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்தத் தரையும் எந்தத் தோழமையும் அவனை உருவாக்கினவோ, அவற்றிலிருந்தே அவனைப் பிடுங்கிவிடுவதாகும் இது. ஜெர்மனி இந்தப் பிழையைச் செய்யவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கோப்பையில் அவமானகரமாகத் தோற்றுத் திரும்பிய அந்தத் தேசம், 2002 முதல் நாடு முழுவதும், சிற்றூர்களும் எட்டத்தக்க தூரத்தில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சி நிலையங்களை அமைத்தது. பிள்ளைகள் தங்கள் ஊர்க் கழகத்திலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் மாத்திரம் அந்த நிலையத்துக்குப் போய்த் தேர்ந்த கோச்சிடம் கூடுதல் பாடம் கேட்டார்கள். 2014-ல் அந்தத் தேசம் உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியிலிருந்த மிரோஸ்லாவ் குளோசே, அந்த ஏற்பாடெல்லாம் வருவதற்கு முன்பே, இருபது வயது வரை ஒரு சிற்றூர்க் கழகத்தில் ஆடிக்கொண்டு, தச்சுத் தொழிலும் கற்றவர்; நான்கு உலகக் கோப்பைகளில் 16 கோல்கள் அடித்தார். ஆகவே பிள்ளையை ஆசிரியரிடம் கொண்டுவருவதைவிட ஆசிரியரைப் பிள்ளையிடம் அனுப்புவது உசிதமானது. தூத்தூர்க் கரையில் இரண்டு வருஷம் தங்கி வேலை செய்யத்தக்க ஒரு நல்ல கோச்சுக்குச் சம்பளம் கொடுப்பது, இந்த நகரத்தில் ஓர் அகாடமியின் வரவேற்பறையை அலங்கரிப்பதைவிட நாட்டுக்கு அதிக நன்மை செய்யும்.

அப்படியானால் நகரத்துக்கு என்ன வழி? மணலை இங்கே உற்பத்தி செய்ய முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். மைதானங்கள் இருக்கின்றன, நண்பர்களே, அவை பூட்டியிருக்கின்றன. இந்தத் தென்சென்னையில், நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழமையுள்ள பள்ளிகளுக்கு நல்ல திடல்கள் உண்டு. மாலை நாலரை மணிக்கு மணியடித்துப் பிள்ளைகள் போனவுடன் காவலாளி வாயிற்கதவை இழுத்துச் சங்கிலி போடுகிறார். உள்ளே காலியான திடலில் கோல்போஸ்ட் தனியாக நிற்கிறது. வெளியே தெருவில், நிறுத்தி வைத்த கார்களுக்கு நடுவில், கண்ணாடி உடையுமே என்று அஞ்சி அஞ்சி, பிள்ளைகள் ரப்பர் பந்தை உதைக்கிறார்கள். சோமசுந்தரம் மைதானம் போன்ற சில பொதுத் திடல்களில், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பல ஆட்டங்கள் நடக்க, எந்தப் பந்து யாருடையது என்பது தெரியாத நெருக்கம். ஒரு பக்கம் இடம் காலியாகக் கிடக்க, மறுபக்கம் பிள்ளைகள் இடமின்றித் தவிப்பது நம்முடைய ஏற்பாட்டின் குற்றம்.

இந்த நகரத்துக்கு அந்தப் பூட்டுகளைத் திறப்பதைவிடப் பெரிய காரியங்களைச் செய்த சரித்திரம் உண்டு. 1920-ஆம் வருஷத்தில், சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கத் தொடங்கினார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்னும் எளிய உண்மையை உணர்ந்த அந்தப் பெரியவரின் பெயரைத்தான் தியாகராய நகர் தாங்கி நிற்கிறது. அதே 1920-ல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் இந்த நகரத்தில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்னும் பெருமையுடைய அந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இன்று நந்தனத்தில் விளங்குகிறது. மதிய உணவாகப் பிறந்த முதல் முயற்சி, பின்னர் சத்துணவாகவும் காலை உணவாகவும் விரிந்து, மாநிலத்தின் கோடிக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. இரண்டாவது முயற்சிக்கு நாம் அந்த சிரத்தையைக் காட்டவில்லை. பல பள்ளிகளில் டிரில் மாஸ்டரின் பி.டி. பீரியடு, கணக்கு வாத்தியார் கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டிய இனாமாகவே கருதப்படுகிறது.

ஆகவே இந்தச் சபையில் இருக்கும் பள்ளி நிர்வாகிகளிடமும் தலைமையாசிரியர்களிடமும் என் விண்ணப்பம் இது. வாரத்தில் ஐந்து நாள், பள்ளி விட்டபின் இரண்டு மணி நேரம், உங்கள் மைதானத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். நொச்சிக்குப்பத்துப் பிள்ளையும் மாட வீதிப் பிள்ளையும், ஊரூர் குப்பத்துப் பெண்ணும் பெசன்ட் நகர்ப் பெண்ணும் ஒரே பந்தைத் துரத்தட்டும். முதல் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். அவர்களாகவே அணி பிரித்து, அவர்களாகவே சண்டையிட்டு, அவர்களாகவே சமாதானம் செய்துகொள்ளட்டும். அடுத்த ஒரு மணி நேரம் ஓர் ஆசிரியர் பாடம் சொல்லட்டும். குப்பத்துப் பிள்ளைக்கு இல்லாத பாடமும், மாடி வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத பழக்கமும் ஒரே இடத்தில் இருவருக்கும் கிடைத்துவிடும்.

ஆட்சேபணைகள் வரும் என்பதை அறிவேன். உடைமைகள் சேதமாகும் என்பார்கள். ஒரு காவலாளியின் மாதச் சம்பளத்தை அந்தத் தெருவிலுள்ள குடியிருப்புகள் பகிர்ந்துகொண்டால் அந்தக் கவலை தீரும். பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பார்கள். கார்கள் ஓடும் தெருவில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. படிப்புக் கெடும் என்பார்கள்; தினமும் இரண்டு மணி நேரம் வியர்வை சிந்தும் பிள்ளை, இரவில் நன்றாக உறங்கி, காலையில் தெளிந்த புத்தியோடு புத்தகத்தைத் திறப்பதைப் பெற்றோர் தாமே காண்பார்கள். இன்னார் பிள்ளையோடு எங்கள் பிள்ளை கலந்து ஆடுவதா என்று மனத்துக்குள் நினைத்து வெளியே சொல்லத் தயங்குகிறவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு என் பதில், அந்த எண்ணமே இந்த நகரத்தின் மைதானங்களைப் பூட்டிய முதல் பூட்டு என்பதுதான். அதை முதலில் கழற்ற வேண்டும்.

இவ்வாறு செய்தால் நாளைக்கே தேசிய அணிக்கு ஆள் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்டவில்லை. ஆயிரம் பிள்ளைகள் ஆடினால் ஒருவன் பெரிய ஆட்டக்காரனாகலாம், ஆகாமலும் போகலாம். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் திடகாத்திரமான தேகத்தோடும், தோல்வியைத் தாங்கும் மனத்தோடும், எதிர்த்தெருப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொண்டும் வளர்வார்கள். அது ஒரு கோப்பையைக் காட்டிலும் குறைந்த லாபமல்ல. இந்தக் கூட்டம் கலையுமுன், ஒரே ஒரு பள்ளியின் நிர்வாகியாவது முன்வந்து, அடுத்த திங்கட்கிழமை மாலை முதல் எங்கள் வாயிற்கதவு திறந்திருக்கும் என்று சொல்லட்டும்; பிள்ளைகளை அழைத்து வரும் பொறுப்பை இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.